எச்.ஐ.வி.யோடு வாழ்வதைச் சொல்லும் கலைஞர்களின் வீடியோக்களைத் திரையிடுவது எப்படி?

1989 டிசம்பர் 1 அன்று, எய்ட்ஸைப் பற்றிக் கலை வழியே பேசும் நியூயார்க்கின் விஷுவல் எய்ட்ஸ் அமைப்பு ‘கலையில்லா நாள்’ அனுசரித்தது. சில கலைக்கூடங்கள் ஓவியங்களைத் துணியால் மூடின, சில கதவையே சாத்தின. எய்ட்ஸால் இறந்த கலைஞர்களுக்கான துக்கம் அது. இப்போது அதே நாளில் அதே அமைப்பு, எச்.ஐ.வி.யோடு இன்று வாழ்வதைப் பற்றிய குறும்வீடியோக்களைப் பல நாடுகளில் திரையிட வைக்கிறது. 1996 வாக்கில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுமருந்து சிகிச்சை வந்தபின் கதையே மாறிவிட்டது. பார்க்க வருபவர் பலரின் மனதில் இருப்பதோ இன்னும் பழைய மரணப் படுக்கைதான். திரையிடலை ஒழுங்குசெய்யும்போது இதை ஒருகணமும் மறக்கக் கூடாது.

முதல் வேலை அனுமதி. எந்த நாள், எந்த இடம், எத்தனை காட்சி என்று கலைஞரிடம் எழுதிக் கேளுங்கள். அரங்கில் காட்டச் சம்மதித்தவர் இணையத்தில் ஏற்றவும் சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தொலைவில் ஓர் இருட்டறையில் நாற்பது பேர் முன் முகம் காட்டுபவர், சொந்த ஊரில் யாரிடமும் சொல்லாமல் இருக்கலாம். சுவரொட்டியில் போடும் ஸ்டில்லுக்கும் தனியாகக் கேட்க வேண்டும். சிவப்பு ரிப்பனை மட்டும் போட்டால் மருத்துவ முகாம் என்று நினைத்துவிடுவார்கள்.

ஐந்தாறு படங்கள், மொத்தம் 50 முதல் 60 நிமிடம். அதைத் தாண்டினால் கலந்துரையாடலுக்கு யாரும் உட்கார மாட்டார்கள். இழப்பைப் பேசும் கனமான படத்தை நடுவில் வையுங்கள். முதலில் வைத்தால், பின்னால் வரும் காதலும் கேலியும் சமையலறைச் சண்டையும் அதன் நிழலிலேயே தெரியும். படங்களுக்கிடையே 10 விநாடி கறுப்புத் திரை விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சேர்த்து, இரண்டு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய டேப் காட்சிகளில் ஆள் நகரும்போது சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிந்தால், எடிட்டிங் மென்பொருளில் டீஇன்டர்லேஸ் (இடைவிட்டுப் பதிந்த வரிகளை முழுப் படமாக்குவது) செய்ய வேண்டும். செல்போனில் நெட்டுவாக்கில் எடுத்ததைத் திரை நிறைய வெட்டாதீர்கள். இரு பக்கமும் கறுப்பு இருக்கட்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தின் பேச்சையும் கேட்டு, ஒலியளவைச் சமப்படுத்துங்கள்.

அதிகம் உழைக்க வேண்டியது சப்டைட்டிலில். ‘எய்ட்ஸ் நோயாளி’ என்று எழுதாதீர்கள். எச்.ஐ.வி. என்பது வைரஸின் பெயர்; எய்ட்ஸ் என்பது சிகிச்சையில்லாமல் விட்டால் வரும் முற்றிய நிலை. ‘எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்’ என்பதே சரி. ‘அன்டிடெக்டபிள்’ என்ற சொல் பல படங்களில் வரும். அதை ‘எனக்கு வைரஸ் கண்டறிய முடியாது’ என்று போட்டால், குணமாகிவிட்டது என்றோ பரிசோதனை தப்பிவிட்டது என்றோ புரிந்துகொள்வார்கள். இரண்டும் தவறு. மருந்து வைரஸை அடக்கி வைத்திருக்கிறது. நிறுத்தினால் மீண்டும் ஏறும். முதல் முறை வரும்போது ‘மருந்தால் என் ரத்தத்தில் வைரஸ் அளவிட முடியாதபடி குறைந்துவிட்டது’ என்று முழுதாக எழுதுங்கள். பிறகு ‘கண்டறிய முடியாத அளவு’ போதும். ‘யூ ஈக்வல்ஸ் யூ’ (அன்டிடெக்டபிள் என்றால் அன்டிரான்ஸ்மிட்டபிள்) என்ற முழக்கத்துக்குக் ‘கண்டறிய முடியாதெனில் கடத்த முடியாது’ என்று எழுதினால் ஓசையும் நிற்கும். இது உடலுறவு வழிப் பரவலைப் பற்றியது: தொடர்ந்து மருந்து எடுத்து, ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை 200க்குக் கீழே நிலைத்திருப்பவரிடமிருந்து துணைக்குத் தொற்றாது. தாய்ப்பாலுக்கோ ஊசி பகிர்வதற்கோ இதே உறுதியைச் சொல்லக் கூடாது. இந்த விளக்கத்தைக் கையில் கொடுக்கும் தாளில் போடுங்கள், திரையில் திணிக்க வேண்டாம்.

தமிழில் வரி நீளும். இரண்டு வரிக்கு மேல் போகாமல் சுருக்குங்கள். சப்டைட்டில் கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் சேமிக்காவிட்டால் எழுத்துக்குப் பதில் குப்பை வரும். ‘கொ’வில் கொம்பும் காலும் பிரிந்து புள்ளிவட்டம் தெரிந்தால், அந்த பிளேயருக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். அரங்கக் கணினியை நம்பாமல், வரிகளை வீடியோவிலேயே பதித்துவிடுங்கள்.

எச்.ஐ.வி.யோடு வாழும் ஒருவர் படங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே உங்களோடு இருக்க வேண்டும், அவருடைய உழைப்புக்குப் பணம் கொடுக்க வேண்டும். மேடையில் தன் நிலையைச் சொல்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு. வாசலில் பெயர் எழுதும் நோட்டு வேண்டாம்; பார்வையாளர்களைப் படம் எடுக்க வேண்டாம் என்று தொடங்குமுன்பே சொல்லுங்கள். படம் முடிந்ததும் விளக்கைச் சட்டென்று போடாதீர்கள், அழுதுகொண்டிருப்பவர் இருப்பார். கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கினால் கூச்சப்படுபவரும் கேட்பார். ‘இவருக்கு எப்படி வந்தது?’ என்ற சீட்டு அநேகமாக வரும். அதைப் படிக்காமல் ஒதுக்குவதைவிட, ‘அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை’ என்று சொல்லிவிட்டு, படத்தில் பார்த்த ஒரு காட்சிக்குப் பேச்சைத் திருப்புங்கள்.

எல்லோரும் போனபின், அரங்கக் கணினியில் நகலெடுத்த கோப்பை அழியுங்கள்; ரீசைக்கிள் பின்னையும் காலிசெய்யுங்கள்.