போர்ப்படத்தில் வரும் சிறுவனைப் பற்றி எழுதுவது எப்படி? ஒரு செய்முறை விளக்கம்

போர்ப்படத்துச் சிறுவனைப் பற்றி எழுத உட்காருபவர்கள் பலரும் ‘போருக்குப் பலியான பிஞ்சு’ என்று தொடங்கி, இரண்டு பத்திகளுக்கு மேல் நகர முடியாமல் திணறுவதுண்டு. சோவியத் இயக்குநர் ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கியின் முதல் முழுநீளப் படமான ‘இவானின் குழந்தைப் பருவம்’ (1962) பற்றி நான் எழுதிய முதல் கட்டுரையும் அப்படித்தான் பாதியில் நின்றது. மூன்றாம் முயற்சியில் கைகொடுத்த வழியை அதே படத்தைக் கொண்டு விளக்குகிறேன்.

படி 1: படத்தை இருமுறை பாருங்கள், இரண்டாம் முறை மட்டும் குறிப்பெடுங்கள். கோடு போட்ட நோட்டும் பென்சிலும் போதும். கணினியில் அட்டவணை போட ஆரம்பித்தால் கட்டங்களை நிரப்புவதிலேயே கவனம் போய்விடுகிறது.

படி 2: சிறுவன் செய்யும் வேலையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். இவான் பன்னிரண்டு வயதில் ஜெர்மானியர் வசமுள்ள பகுதிக்குள் நுழைந்து சோவியத் படைக்காக உளவறிந்து வருபவன். ஆற்றை நீந்திக் கடந்து வந்தவன், பையில் இருந்த விதைகளையும் ஊசியிலைகளையும் மேசைமேல் பரப்பி, வகைவகையாக எண்ணித் தாளில் எழுதுகிறான். வேறொரு சிறுவன் பொறுக்கி விளையாடியிருக்கக்கூடிய அந்தப் பொருள்கள்தான் இவனுக்கு எதிரிப் படையின் கணக்கு. ‘பலி’ என்ற ஒற்றைச் சொல்லில் இந்தக் காட்சி அடங்காது.

படி 3: உறவுகள். நான் சறுக்கிய இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். இவானைச் சுற்றியிருக்கும் சோவியத் படையினரான கால்ட்செவ், ஹோலின், கத்தசோனிச், கிரியாஸ்னோவ் ஆகிய நால்வரையும் ‘தந்தையைப் போன்றவர்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அதன்பின் எழுத எதுவும் மிஞ்சவில்லை. இப்போது ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்கிறேன்: யார் யாருக்கு உத்தரவிடுகிறார்? யார் யாரைத் தொடுகிறார்? யார் யாரிடம் எதை மறைக்கிறார்?

இந்தக் கேள்விகளைக் கால்ட்செவ் என்ற இளம் அதிகாரிக்குப் பொருத்திப் பாருங்கள். சேறும் ஈரமுமாக வந்து நிற்கும் சிறுவன், தான் வந்திருப்பதை ‘ஐம்பத்தொன்றாம் எண்’ என்ற குறியீட்டுப் பெயருள்ள தலைமையகத்துக்குத் தெரிவிக்கும்படி அந்த அதிகாரிக்கே கட்டளையிடுகிறான். சிறிது நேரத்தில், உணவு முன்னால் இருக்கும்போதே உறங்கிப்போகும் அவனை அதே அதிகாரி தூக்கிச் சென்று படுக்க வைக்கிறார். உத்தரவிட்டவன் கைக்குழந்தையாகிவிடுகிறான், கால்ட்செவுக்கும் அவனுக்குமான உறவு முழுவதும் இந்த இரண்டு நிலைகளுக்கு இடையில்தான் ஊசலாடுகிறது. ஹோலினைக் கண்டதும் இவான் பாய்ந்து கட்டிக்கொள்கிறான். கிரியாஸ்னோவ் அவனைப் போர்முனையிலிருந்து விலக்கி ராணுவப் பள்ளிக்கு அனுப்ப முயலும்போதோ ஓடிப்போகிறான்.

மூன்றாவது கேள்விதான் என் கட்டுரையைக் காப்பாற்றியது. கத்தசோனிச் கொல்லப்பட்ட செய்தியை இவானிடம் யாரும் சொல்வதில்லை. அவர் அவசரமாக அழைக்கப்பட்டுப் போய்விட்டார் என்கிறார்கள், விடைபெறாமல் போய்விட்டாரே என்று அவன் வருந்துகிறான். ஒரு மரணத்தை அவனிடமிருந்து மறைக்கும் அளவுக்கு அன்புள்ள அதே மனிதர்கள்தாம் அவனைப் படகில் ஏற்றி எதிரிக் கரையில் விட்டுவருகிறார்கள்.

படி 4: படத்தின் இடையிடையே வரும் இவானின் கனவுகளைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். தாய் கனவுகளில் மட்டுமே வருகிறாள். எனவே அந்த உறவை மற்ற உறவுகளோடு ஒரே பட்டியலில் சேர்க்காதீர்கள். கனவுகளைப் பழைய நினைவுகள் என்று எழுதிவிடுவதும் ஆபத்து. கால்ட்செவ் பெர்லினில் இவானைப் பற்றிய ஜெர்மானிய ஆவணத்தைக் கண்டெடுத்து, அவன் கொல்லப்பட்டதை அறிந்த பிறகும் கடற்கரையில் அவன் ஓடும் காட்சி வருகிறது. அதை யாருடைய கனவு என்பது என்று எழுதுபவர் முடிவு செய்தே ஆக வேண்டும். அது கால்ட்செவுடையதாகவும் இருக்கலாம் என்பது என் வாசிப்பு.

பின்சேர்க்கை: எரிந்த வீட்டில் சேவலோடு நிற்கும் கிழவரை எங்கே சேர்ப்பது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஒரே காட்சியில் வருபவர் என்றாலும் அவருக்கும் தனி வரி கொடுங்கள். மற்ற பெரியவர்களெல்லாம் இவானுக்கு உணவு தருபவர்கள். இந்தக் கிழவருக்கோ இவான்தான் ரொட்டியை விட்டுச் செல்கிறான்.

இன்னொருவர் படத்தின் மூலக்கதையான, விளாதிமிர் பகமோலவ் எழுதிய ‘இவான்’ கதையைப் படித்துவிட்டு இரண்டையும் கலந்து எழுதிக் குழம்பியிருந்தார். அந்தக் கதையைச் சொல்பவர் கால்ட்செவ்; கனவுகள் தார்க்கோவ்ஸ்கி சேர்த்தவை. ஆகவே கட்டுரையின் முதல் வரைவு முடியும்வரை கதையைத் தொடாதீர்கள்.