ஹவாயை ஊகித்துக் கண்டுபிடிக்கும் துப்பு அட்டை விளையாட்டு: செய்முறை விளக்கம்

ஹவாய் பற்றி ஒரு விளையாட்டு என்றதும் பலரும் கேள்வித்தாள் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். தலைநகர் எது? அமெரிக்காவின் எத்தனையாவது மாநிலம்? தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார், தெரியாதவர் கூரையைப் பார்ப்பார். ஊகிக்கும் விளையாட்டு அப்படியல்ல. ஒவ்வொரு துப்பும் சில விடைகளைக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒன்று மட்டும் மிஞ்ச வேண்டும். அட்டை தயாரிப்பதில் முக்கால்வாசி வேலை இந்தக் கழித்தல்தான்.

தேவையானவை: அஞ்சலட்டை அளவில் 24 கெட்டி அட்டைகள், ஒரு ஏ3 தாள், நொடி காட்டும் கைபேசி, 5 கைக்குட்டைகள், ஒரு கூழாங்கல், அரை மீட்டர் குச்சி. ஆட்டத்துக்கு இரண்டு அணி, அணிக்கு 2 முதல் 4 பேர். துப்பு வாசிக்கத் தனியாக ஒருவர்.

படி 1: வரைபடம்

ஏ3 தாளில் எட்டு முதன்மைத் தீவுகளையும் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக வரையுங்கள்: நீஹாவ், கவாய், ஓஆஹு, மொலொக்காய், லானாய், கஹோலாவே, மவுயி, ஹவாய். தீவின் பெயர் போதும். ஊர், மலை எதையும் குறிக்க வேண்டாம். வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்றுக்கு மட்டும் ஓர் அம்புக்குறி போடுங்கள். அந்த ஈரக்காற்று மலையில் மோதி ஏறுவதால் காற்றைப் பார்த்த பக்கம் நனைகிறது, மறுபக்கம் காய்கிறது. ஒரே ஹவாய் தீவில், கிழக்குக் கரையிலுள்ள ஹீலோ நகரம் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெற, மேற்கிலுள்ள கோனா கரையோரம் வறண்டு கிடப்பது இதனால்தான். அம்புக்குறி இருந்தால், ஹவாய் பற்றி எதுவும் படிக்காதவரும் மழைத் துப்பைக் கேட்டு யோசித்து விடை சொல்ல முடியும்.

மாநிலத்துக்கும் அதன் மிகப் பெரிய தீவுக்கும் ஒரே பெயர் என்பதால் ஆட்டத்தில் சண்டை வரும். போதாததற்கு, உரக்க வாசித்தால் கவாயும் ஹவாயும் ஒன்றுபோலவே கேட்கும். எனவே தீவைப் ‘பெரிய தீவு’ என்றே எழுதுங்கள். அங்குள்ளவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

படி 2: விடைகள்

எட்டு அட்டை தீவுகளுக்கு. எட்டு அட்டை இடங்களுக்கு: மவுனா கேயா, மவுனா லோவா, ஹாலேயாகலா, வைமேயா பள்ளத்தாக்கு, ஹீலோ, பேர்ல் ஹார்பர், டைமண்ட் ஹெட், இயோலானி அரண்மனை. மீதி எட்டு பண்பாட்டுக்கு: ஹூலா நடனம், லெய் மாலை, உக்குலேலே என்னும் சிறிய தந்தி வாத்தியம், போய் என்னும் சேப்பங்கிழங்கு மசியல், அலைச்சறுக்கு, மாநில மரமான குக்குய், மாநிலப் பறவையான நேநே வாத்து, மலை உச்சியிலிருந்து கடல்வரை நீளும் பழைய நிலப்பிரிவான அஹுபுவா.

அன்னாசி போட்ட ‘ஹவாயன்’ பீட்சாவை இதில் சேர்த்துவிடாதீர்கள். அது 1962-ல் கனடாவில் பிறந்தது.

படி 3: துப்பு எழுதுதல்

அட்டைக்கு ஐந்து துப்பு. முதல் துப்பிலேயே கண்டுபிடித்தால் 5 புள்ளி, கடைசித் துப்பில் 1 புள்ளி. மொலொக்காய் அட்டை இப்படி அமையலாம்:

5 புள்ளி: என்னிடம் ஆட்கள் வசிக்கிறார்கள், ஆனால் போக்குவரத்து சிக்னல் ஒன்றுகூட இல்லை.
4 புள்ளி: ஓஆஹுவுக்கும் மவுயிக்கும் நடுவே இருக்கிறேன்.
3 புள்ளி: எனக்குரிய லெய் குக்குய் பூவால் ஆனது.
2 புள்ளி: என் வடகரையில் கடலோரப் பாறைச்சரிவு ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் நிற்கிறது.
1 புள்ளி: தொழுநோயாளரை ஒதுக்கிவைத்த கலவுபாப்பா என்னிடம்தான் உள்ளது, பாதிரியார் டேமியன் 1873-ல் அங்கே வந்து, 1889-ல் அங்கேயே இறந்தார்.

கழித்தல் நடப்பதைப் பாருங்கள். முதல் துப்பு, ஆளில்லாத கஹோலாவேயையும் பெரிய ஊர்கள் உள்ள நான்கு தீவுகளையும் நீக்குகிறது. மிஞ்சுவது நீஹாவ், லானாய், மொலொக்காய். இரண்டாவது துப்பில் நீஹாவ் போய்விடும். மூன்றாவது, பூக்களை அறிந்தவருக்கு. மற்றவர்களுக்கு அடுத்த இரண்டும் உதவும்.

புதியவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் எரிமலைத் துப்புகளில்தான். ‘எரிமலையால் உருவான தீவு’ என்று எழுதினால் எட்டுமே விடை. ‘4,000 மீட்டருக்கு மேற்பட்ட மலை’ என்றால் மவுனா கேயா (4,207), மவுனா லோவா (4,169) இரண்டும் பொருந்தும். ‘மேலே ஆய்வு நிலையம் உண்டு’ என்றாலும் இரண்டும்தான்: கேயாவின் உச்சியில் தொலைநோக்கிகள் இருக்கின்றன, லோவாவின் சரிவில் காற்றிலுள்ள கரியமில வாயுவை 1958 முதல் அளந்துவருகிறார்கள். ‘2022-ல் வெடித்தது’ என்றால் லோவா மட்டும் மிஞ்சும்.

‘தனியார் கையில் உள்ள தீவு’ என்பதும் இதே சிக்கல். நீஹாவ் 1864 முதல் ஒரே குடும்பத்திடம் இருக்கிறது. லானாயில் சுமார் 98 சதவீதத்தை 2012-ல் ஆரக்கிள் நிறுவனர் லாரி எல்லிசன் வாங்கினார். ஆண்டைச் சேர்த்தால்தான் பிரியும். ‘அதிக மழை’ என்பதைத் தொடவே வேண்டாம். கவாயின் வையலேயாலே மலை மழைக்குப் பெயர்பெற்றது என்றாலும், மவுயியிலும் அதற்குச் சளைக்காத மழை பதிவாகிறது. ஆட்டம் நின்று வாக்குவாதம் தொடங்கிவிடும்.

ஒரே அடியில் விடையைப் போட்டுடைக்கும் துப்பு எப்போதும் கடைசிக்கு. அமெரிக்கக் கடற்படை 1990 வரை குண்டுவீச்சுப் பயிற்சி நடத்திய தீவு என்றால் அது கஹோலாவேதான்; அதை முதலில் வைத்தால் மற்ற நான்கும் வீண். தமிழர்கள் ஆடும்போது கவாய் அட்டையின் 1 புள்ளித் துப்பாக இறைவன் கோயிலை வையுங்கள்: யாழ்ப்பாணத்து யோகசுவாமியின் மரபில் வந்த ஆதீனம், பெங்களூரு அருகே செதுக்கிய கருங்கற்களால் கட்டியது.

பண்பாட்டு அட்டைகளை நடித்துக் காட்டும் ஆட்டமாக மாற்றாதீர்கள். ஹூலா என்றதும் இடுப்பை ஆட்டிச் சிரிப்பதில் துப்பும் இல்லை, மரியாதையும் இல்லை. 1960-களிலிருந்து ஹீலோவில் மெர்ரி மொனார்க் என்னும் ஹூலா விழா நடக்கிறது, அது ஹவாயை ஆண்ட கலாகவுவா மன்னர் நினைவாக என்பது போன்ற செய்திகளே ஊகிக்க உதவும்.

படி 4: சரிபார்த்தல்

24 விடைகளின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துப்புக்கும் எத்தனை விடை மிஞ்சுகிறது என்று பென்சிலால் எழுதுங்கள். எண் குறைந்துகொண்டே வர வேண்டும். இரண்டு துப்புகளில் எண் மாறவில்லை என்றால் இரண்டாவது வெறும் தகவல், அடித்துவிடுங்கள். முதல் துப்பிலேயே 1 வந்தால் அதைக் கீழே இறக்குங்கள்.

படி 5: ஆட்டம்

வாசிப்பவர் முதலில் வகையைச் சொல்வார்: தீவு, இடம் அல்லது பண்பாடு. ஒவ்வொரு துப்புக்கும் பிறகு 20 நொடி. தவறான விடை சொன்ன அணி அடுத்த துப்புக்கு வாய்திறக்கக் கூடாது. இந்த விதி இல்லாவிட்டால் எட்டுத் தீவுப் பெயரையும் வரிசையாகக் கத்துவார்கள். உச்சரிப்பு சற்றுப் பிசகினாலும் வரைபடத்தில் சரியான தீவைத் தொட்டால் புள்ளி கொடுங்கள். ஓர் ஆட்டத்துக்கு 12 அட்டை போதும்.

புள்ளி சமமானால் ஹவாயின் பழைய ஊகிப்பு ஆட்டமான நோஆவை ஆடித் தீர்க்கலாம். அங்கே மரப்பட்டைத் துணியான காப்பாவை ஐந்து குவியலாக வைப்பார்கள், இங்கே கைக்குட்டை. ஒருவர் கூழாங்கல்லை உள்ளங்கையில் மறைத்து, ஐந்து குவியலுக்கு அடியிலும் கையை விட்டு, ஏதோ ஒன்றில் விட்டுவிடுவார். எதிரணி குச்சியால் ஒரு குவியலைத் தட்ட வேண்டும். பார்க்க வேண்டியது முகத்தை அல்ல, முன்கைத் தசையை: விரல்கள் கல்லை விடும்போது அது லேசாக அசையும். அதனால் முழுக்கைச் சட்டை கூடாது. ஒளிப்பவர் ஐந்து குவியலிலும் ஒரே அளவு நேரம் கையை வைத்திருக்க வேண்டும்.