பெர்மிட் மெடிக்கலில் தெரியாத ஒன்று: கோலாலம்பூருக்குப் புதிதாக வரும் ஆண்களுக்கு

பெர்மிட்டுக்காக எடுக்கும் ஃபோமெமா மெடிக்கலில் பாஸ் ஆகிவிட்டால் உடம்பில் எதுவும் இல்லை என்று நினைத்துவிடும் தம்பிகள் நிறையப் பேர். அதில் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ் எல்லாம் பார்ப்பார்கள், எச்பிவி கிடையாது. எச்பிவி என்பது உடலுறவில் பரவும் ஒரு வைரஸ், மருவும் சில புற்றுநோய்களும் வர அது காரணமாகலாம். அது ரத்தப் பரிசோதனையில் தெரிகிற கிருமியும் இல்லை. ஆண்களுக்கு இதற்கென்று வழக்கமான ஸ்கிரீனிங் டெஸ்ட் இல்லை, அதனால் "ஃபுல் எஸ்டிடி பேக்கேஜ்" (பாலியல் நோய்களுக்கான மொத்தப் பரிசோதனை) எடுத்தால் இதுவும் தெரிந்துவிடும் என்று நம்பிக் காசு கட்டாதீர்கள்.

இது பெண்களுக்கு மட்டும் வரும் விஷயமும் இல்லை. உடலுறவில் ஈடுபடும் பெரும்பாலானவர்களுக்கு வாழ்க்கையில் ஒரு முறையாவது தொற்றும், ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும், வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. காண்டம் ஆபத்தைக் குறைக்கும், ஆனால் தோலோடு தோல் பட்டுப் பரவுவதால் முழுசாகத் தடுக்காது. எச்பிவியில் பல வகை உண்டு, அதில் 6, 11 என்ற வகைகள்தான் பிறப்புறுப்பு மருக்களில் சுமார் 90 சதவீதத்துக்குக் காரணம். 16ஆம் வகைதான் கவலைப்பட வேண்டியது: தொண்டை, ஆசனவாய், ஆணுறுப்பு ஆகிய இடங்களில் புற்றுநோய் வர அது காரணமாகலாம்.

மரு வந்தால் காலிஃபிளவர் பூ மாதிரி சின்னச் சின்னதாக இருக்கும், வலிக்காது. வலிக்காததாலேயே பலர் தள்ளிப்போடுகிறார்கள், இல்லையென்றால் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் களிம்பையோ கால் ஆணிக்குப் போடும் மருந்தையோ தடவித் தோலைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டாக்டர் திரவ நைட்ரஜனை வைத்து உறையவைப்பார், சில நொடி சுள்ளென்று எரியும், பிறகு கொப்புளம் வந்து உதிரும், சில வாரம் கழித்து மறுபடி போக வேண்டியிருக்கலாம். இமிக்விமோட் கிரீம் தந்தால் வாரம் மூன்று இரவு தடவிக் காலையில் கழுவ வேண்டும், அது காண்டம் ரப்பரைப் பலவீனமாக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எங்கே போவது? பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பக்கம் தமிழ் பேசும் டாக்டர்கள் கிடைப்பார்கள், "டாக்டர், கீழே மரு மாதிரி இருக்கு" என்று சொன்னால் போதும். கம்பெனி பேனல் கிளினிக்கில் பில் கம்பெனிக்குப் போகும், அது வேண்டாம் என்றால் வேறு கிளினிக்கில் கைக்காசு கொடுத்துப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் தனி, பாஸ்போர்ட்டும் ரெஃபரல் லெட்டரும் கையில் இருக்கட்டும். ஆறாத புண், ரத்தக் கசிவு, கழுத்தில் கட்டி, வாரக்கணக்கில் சரியாகாத தொண்டை வலி இருந்தால் சம்பள நாள் வரை காத்திருக்காதீர்கள்.

தடுப்பூசி ஆண்களுக்கும் உண்டு. மலேசியாவில் 2010இல் 13 வயதுப் பள்ளி மாணவிகளுக்குத்தான் இலவசமாக ஆரம்பித்தார்கள், பெரியவர்கள் தனியார் கிளினிக்கில் சொந்தச் செலவில் போட வேண்டும். 15 வயதுக்கு மேல் ஆறு மாதத்தில் மூன்று ஊசி, செலவு கொஞ்சம் அதிகம்தான். முதல் ஊசிக்கு முன்பே மூன்றுக்கும் சேர்த்து விலை கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே வந்த தொற்றை ஊசி குணப்படுத்தாது, இன்னும் வராத வகைகளிலிருந்து காப்பாற்றும். 26 வயது வரை யோசிக்காமல் போடலாம், அதற்கு மேல் என்றால் டாக்டரிடம் பேசி முடிவெடுங்கள்.

அப்புறம், ஊரில் இருக்கும் மனைவி விஷயம். கிருமி வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும், அதனால் இப்போது மரு வந்ததை வைத்து யார் யாரையும் சந்தேகப்பட முடியாது, இதைச் சொல்லியே அவரிடம் பேச்சை ஆரம்பிக்கலாம். அவருக்கு 30 வயது தாண்டியிருந்தால், உங்களுக்கு மரு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள்.