தரகர் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்
வீட்டை விற்கத் தரகரிடம் கையெழுத்திடும் முன், ஏற்கெனவே உங்களிடம் நேரடியாக விலை விசாரித்தவர்களின் பெயர்களை ஒப்பந்தத்திலேயே எழுதி, "இவர்களுக்கு விற்றால் கமிஷன் கிடையாது" என்று சேர்க்கச் சொல்லுங்கள். மாடியில் குடியிருப்பவர், பக்கத்து வீட்டுக்காரர், உறவினர் என யாரையும் விட்டுவிடாதீர்கள்.

விற்கும் உரிமை முழுவதையும் ஒரே தரகருக்குக் கொடுக்கும் ஒப்பந்தங்களில், வாங்குபவரை நீங்களே பிடித்தாலும் கமிஷன் கட்ட வேண்டிவரும். கமிஷன் 2 சதவீதம் என்றால், அது வீட்டின் முழு விலைக்கும் கணக்கிடப்படுவது. சின்னத் தொகை அல்ல. வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டால் போதாது, எழுத்தில் இருக்க வேண்டும்.

ஆளைக் கொண்டுவந்த தரகருக்கு மட்டுமே கமிஷன் என்று பல தரகர்களிடம் பொதுவாகச் சொல்லி வைத்திருந்தால் இந்த வரி தேவைப்படாது. தரகர் அழைத்து வந்து வீட்டைக் காட்டியவரின் பெயரைப் பிறகு சேர்க்க முடியாது; அது நியாயமும் அல்ல.