மலைச்சரிவு சரியப்போகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் சரிவின் உச்சியைப் பாருங்கள். அங்கே வளைவாக ஒரு விரிசல் விழுந்து, அது நாளுக்கு நாள் அகலமானால், மலை உள்ளுக்குள் நகரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மழைநீர் பாறை இடுக்குகளிலும் களிமண் அடுக்கிலும் இறங்கி அழுத்தத்தைக் கூட்டி, மேலுள்ளதைப் பிடித்து வைத்திருக்கும் உராய்வைக் குறைத்துவிடுகிறது, அதனால் மழை நின்ற பிறகும் சரியலாம், இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். இத்தாலியின் வயோந்தில் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்த மலை, 1963இல் அணை நீருக்குள் மொத்தமாகப் பாய்ந்தது. ஏறக்குறைய 2,000 பேர் இறந்தார்கள். அப்புறம் அடிவாரம்: மண் புடைப்பு, சாய்ந்த மரங்கள், திடீரெனக் கலங்கும் ஊற்று. ஓடையில் நீர் சட்டென்று குறைந்தால் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள், மேலே அடைபட்டிருக்கலாம். ஓடை வழியே கீழே ஓடாமல் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள்.