தர்மபுரி காலேஜ் லேப்லயே கரண்ட் கடத்துற பாலிமர் செய்யறது எப்படி

எம்எஸ்சி கெமிஸ்ட்ரி கடைசி வருஷம், ப்ராஜெக்ட்டுக்கு என்ன எடுக்கறதுன்னு தெரியாம சுத்திட்டு இருக்கிற தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து பிள்ளைங்களுக்காக இதை எழுதறேன். பாலிஅனிலின் எடுங்க, அனிலின்ல இருந்து செய்யற, கரண்ட் கடத்துற பாலிமர் அது. நம்ம ஊர் காலேஜ் லேப்ல இருக்கிற சாமானே இதுக்குப் போதும். நெறைய பேர் பவுடரை செஞ்சு எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே சோதனை), எஸ்ஈஎம் (எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்)னு வெளிய அனுப்பி ஒரு சாம்பிளுக்கு இவ்வளவுன்னு காசு கட்டி படம் வாங்கி தீசிஸ்ல ஒட்டிடறாங்க, ஆனா அந்த பவுடர் கரண்ட் கடத்துதான்னு ஒரு தடவை கூட தொட்டுப் பாக்கறதில்ல. எனக்கு அதுதான் வருத்தம். இந்தப் பொருளோட உயிரே டோப்பிங்லதான், அதாவது வேற ஒண்ணை உள்ள ஏத்தி கரண்ட் கடத்த வைக்கிறதுலதான் இருக்கு, அதை உங்க கையாலயே ஏத்தி எறக்கி அளந்து பாக்கணும்.

முதல்ல இது யாரோட வேலைன்னு தெரிஞ்சுக்கோங்க, வைவால கண்டிப்பா உதவும். ஆலன் மெக்டயர்மிட், நியூசிலாந்துல 1927ல பொறந்தவர். கஷ்டப்பட்ட குடும்பம், 16 வயசுல ஸ்கூலை விட்டுட்டு வெலிங்டன்ல இருக்கிற விக்டோரியா யுனிவர்சிட்டி காலேஜ் கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்ல லேப் பாயா வேலை பாத்துட்டே படிச்சவர். அப்புறம் அமெரிக்காவுல பென்சில்வேனியா யுனிவர்சிட்டில இருந்தப்ப சல்பர் நைட்ரைடுனு தங்க நெறத்துல மின்னுற ஒரு பாலிமர்ல வேலை செஞ்சாரு. 1975ல டோக்கியோவுல அதைப் பத்தி பேசப் போனவர்கிட்ட ஹிடேகி ஷிரகாவா தான் செஞ்ச வெள்ளி மாதிரி பளபளக்கிற பாலிஅசிட்டிலீன் பிலிமைக் காட்ட, உடனே அவரை அமெரிக்காவுக்கு கூப்ட்டுக்கிட்டாரு. பிசிக்ஸ்காரர் ஆலன் ஹீகரும் சேந்து, 1976ல அந்த பிலிம்ல அயோடின் ஏத்துனாங்க, கடத்துத்திறன் கோடி மடங்கு ஏறுச்சு. 1977ல பேப்பர் வந்துச்சு, 2000ல மூணு பேருக்கும் கெமிஸ்ட்ரி நோபல்.

பாலிஅசிட்டிலீனை நாம தொட முடியாது, காத்து பட்டாலே கெட்டுப் போயிடும். ஆனா மெக்டயர்மிட் 1980கள்ல பாலிஅனிலினுக்கு திரும்புனாரு பாருங்க, அதுதான் நமக்கு கெடைச்ச வரம். தண்ணியிலயே செய்யலாம், காத்துலயே வச்சுக்கலாம். அதோட இதுல ஒரு தனி விஷயம் இருக்கு. பாலிஅசிட்டிலீன்ல அயோடின் எலக்ட்ரானைப் பிடுங்குது, பாலிஅனிலின்ல எலக்ட்ரான் எண்ணிக்கை மாறவே மாறாது, ஆசிட்ல இருந்து புரோட்டான் மட்டும் நைட்ரஜன்ல போய் ஒக்காருது, அதுக்கே கரண்ட் கடத்த ஆரம்பிச்சிடுது. இந்த வித்தியாசத்தை புரிஞ்சுக்கிட்டீங்கன்னா மத்ததெல்லாம் தானா வந்துரும்.

சரி, செய்முறைக்கு வருவோம். ஐயூபேக்னு சொல்ற உலக வேதியியல் அமைப்பு 2002ல வெளியிட்ட முறை இது, அஞ்சு இன்ஸ்டிட்யூட்ல எட்டு பேர் தனித்தனியா செஞ்சு பாத்து ஒரே மாதிரி வருதான்னு சோதிச்ச முறை, அதனால நம்பி செய்யலாம். அனிலின் ஹைட்ரோகுளோரைடு 2.59 கிராம் எடுத்து வாலைவடி நீர்ல கரைச்சு 50 மில்லி ஆக்கிக்கோங்க. இன்னொரு பீக்கர்ல அம்மோனியம் பெர்சல்பேட் 5.71 கிராம், அதையும் 50 மில்லி. ரெண்டையும் ஒரு மணி நேரம் அப்டியே வச்சிட்டு ஒண்ணா ஊத்தி கொஞ்சம் கலக்கி விட்டுட்டு அசையாம விட்ருங்க. அவ்ளோதான். அனிலினுக்கு பெர்சல்பேட் 1.25 மோல் கணக்கு, இதுக்கு மேல போட்டா செயின் ஓவரா ஆக்சிடைஸ் ஆயிடும்.

ஹைட்ரோகுளோரைடு இல்ல, பாட்டில்ல திரவ அனிலின்தான் இருக்குன்னா 1.82 மில்லி எடுத்து அதுக்குச் சமமான மோல் ஹெச்சிஎல் சேத்துக்கலாம். ஆனா பழைய பாட்டில்ல அது காபி நெறத்துல இருக்கும், துளி ஜிங்க் தூள் போட்டு வாலைவடிச்சுட்டுதான் எடுக்கணும். இங்க ஒண்ணு அழுத்திச் சொல்றேன், அனிலின் தோல் வழியாவே ஒடம்புக்குள்ள போகும், போய் ரத்தம் ஆக்சிஜன் சுமக்கறதைக் கெடுக்கும், உதடு நீலமாயிடும். அதனால நைட்ரைல் கையுறை போட்டு பியூம் ஹூட்லதான் வேலை, ஹூட் பேன் ஓடலேன்னா ஓட வச்சுட்டு ஆரம்பிங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்காதீங்க. பெர்சல்பேட் பவுடரும் கடுமையான ஆக்சிடைசர், அசிட்டோன் பாட்டில் பக்கத்துல வச்சு எடை போடாதீங்க.

நம்ம ஊர் ஏப்ரல், மே வெயில்ல லேப் சூடு எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. ரியாக்ஷன் தன்னாலயே சூடாகும், வெயில்ல இன்னும் வேகமா போகும். அதனால ஐஸ் பாத்ல வச்சு செய்யுங்க, மீன் கடையில ஒரு ஐஸ் கட்டி வாங்கிட்டு வந்தா போதும். ஐஸ்ல நேரம் கூட ஆகும், பொறுமையா ஒக்காந்து நெறத்தைப் பாருங்க. முதல்ல ஒண்ணும் நடக்காத மாதிரி தெளிவா இருக்கும், அப்புறம் லேசா நீலம் வரும், நீலம் அடர்த்தியாகும், கடைசில கரும்பச்சை. பீக்கர் சுவத்துலயும் பச்சைப் படலம் ஒட்டும், அதனால ஊத்தும்போதே ரெண்டு மூணு மைக்ராஸ்கோப் ஸ்லைடை உள்ள நிறுத்தி வச்சிருங்க, அதுலயும் மெல்லிசா படலம் படியும். அது பின்னாடி வேணும்.

மறுநாள் பில்டர் பண்றதுல ஒரு விஷயம், இதை யாரும் நம்ம பிள்ளைங்களுக்கு சரியா சொல்றதில்ல. பவுடரை கொழாத் தண்ணில கழுவாதீங்க. நம்ம மாவட்டங்கள்ல போர் தண்ணி கொஞ்சம் காரத்தன்மையோட, பைகார்பனேட்டோட இருக்கும். அதுல கழுவுனா பவுடர்ல இருக்கிற புரோட்டானை அது உருவிக்கும், பச்சை கொறைஞ்சு நீலத்துப் பக்கம் போயிடும், கடத்துத்திறனும் அதோட போச்சு. வாலைவடி நீரே அதிகமா ஊத்துனா டோப்பிங் எறங்கும். அதனாலதான் 0.2 மோலார் ஹெச்சிஎல்ல, தடவைக்கு 100 மில்லி, மூணு தடவை கழுவச் சொல்லியிருக்காங்க. அடர் ஹெச்சிஎல் சுமார் 17 மில்லியை தண்ணில ஊத்தி ஒரு லிட்டர் ஆக்குனா அந்த செறிவு வந்துரும். பெர்சல்பேட் சுத்தமா போனதுக்கு அப்புறம்தான் அசிட்டோன்ல கழுவணும், வரிசையை மாத்திடாதீங்க. கழுவுன தண்ணியை சிங்க்ல விடாம வேஸ்ட் கேன்ல சேருங்க. 60 டிகிரில காய வச்சா ரெண்டு கிராம் அளவுக்கு பச்சை பவுடர் கெடைக்கும்.

இப்ப அளக்கறது. இதுக்கு வெளியூர் போக வேணாம், பக்கத்து பிசிக்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கு நடந்து போங்க. எம்எஸ்சி பிசிக்ஸ் லேப்ல ஜெர்மானியம் கிரிஸ்டலோட பேண்ட் கேப் கண்டுபிடிக்க ஃபோர் ப்ரோப் செட் (நாலு ஊசி வச்சு அளக்கிற கருவி) ஒண்ணு பெரும்பாலும் இருக்கும், அதே போதும். பவுடர் 0.2 கிராம் எடுத்து நல்லா அரைச்சு, ஐஆர் எடுக்க கேபிஆர் (பொட்டாசியம் புரோமைடு) பெல்லட், அதாவது வில்லை, போடற 13 மில்லிமீட்டர் டைல (அச்சுல) வச்சு 7, 8 டன் அழுத்துனா சுமார் 1 மில்லிமீட்டர் கனத்துக்கு பெல்லட் வரும். ஊசி நாலும் ஸ்பிரிங்ல இருக்கும், மெதுவா எறக்குங்க, பெல்லட் ஒடையும். வெளி ரெண்டு ஊசில கரண்ட், உள் ரெண்டுல வோல்டேஜ். ரெண்டு ஊசி மட்டும் வச்சு அளந்தா ஊசி தொடற எடத்துல இருக்கிற ரெசிஸ்டன்ஸும் சேந்து வந்து கணக்கைக் கெடுக்கும், நாலு ஊசில அந்தத் தொல்லை இல்ல.

கணக்குல ஒரு இடத்துல கவனம். லேப் மேனுவல்ல இருக்கிற பார்முலாவைச் சுருக்குனா, மெல்லிசான சாம்பிளுக்கு வோல்டேஜை கரண்டால வகுத்து அதை கனத்தாலயும் 4.53ஆலயும் பெருக்கணும்னு வரும். அது அகலமான சாம்பிளுக்கு. நம்ம பெல்லட் 13 மில்லிமீட்டர்தான், ஊசி இடைவெளி 2 மில்லிமீட்டர்னா நடுவுல வச்சு அளந்தாலும் அந்த எண் சுமார் 3.76 ஆயிடும். உதாரணத்துக்கு 10 மில்லிஆம்பியர் விட்டு 6.6 மில்லிவோல்ட் வந்தா 0.66 ஓம், அதை 0.1 செ.மீ.யாலயும் 3.76ஆலயும் பெருக்கி தலைகீழா போட்டா செ.மீ.க்கு 4 சீமென்ஸ். ஐயூபேக் குழுவுக்கு சராசரியா கெடைச்சது 4.4, கூடக்கொறைய 1.7. உங்களுக்கு 1 வந்தாலும் வருத்தப்படாதீங்க, ஆனா 0.01 வந்தா கழுவுன தண்ணியைத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

அடுத்து பாதி பவுடரை 1 மோலார் அம்மோனியால ராத்திரி பூரா ஊற வைங்க. பச்சை போயி நீலமாயிடும். காய வச்சு பெல்லட் போட்டு மல்டிமீட்டர் வச்சா ஒண்ணுமே காட்டாது, கடத்துத்திறன் நூறு கோடி மடங்குக்கு மேல எறங்கியிருக்கும், ஃபோர் ப்ரோப் செட்டாலயே அதை அளக்க முடியாது. அதே நீல பவுடரை 1 மோலார் ஹெச்சிஎல்ல போடுங்க, திரும்ப பச்சை, திரும்ப கடத்தும். நாம எடுத்து வச்ச ஸ்லைடை அம்மோனியா பாட்டில் வாய்கிட்ட காட்டுனா கண்ணு முன்னாடியே நீலமாகும், ஹெச்சிஎல் ஆவில காட்டுனா பச்சையாகும். வைவால எக்ஸ்டர்னல் முன்னாடி இதைச் செஞ்சு காட்டுங்க, மெக்டயர்மிட் சொன்ன புரோட்டான் டோப்பிங்கை இதைவிட தெளிவா விளக்க ஒரு வழியும் இல்ல.

நேரம் மிச்சம் இருந்தா நம்ம ஊருக்கே உரிய ஒரு வேலை இருக்கு. பென்னாகரம், பாலக்கோடு, ஊத்தங்கரைன்னு எங்க போனாலும் புளோரைடு தண்ணி கதை தெரியும், பிள்ளைங்க பல்லுல அந்த பழுப்புக் கறை தெரியும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே அதுக்காக வந்ததுதான். குடிநீர்ல லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லேன்னா 1.5ன்னு இந்தியத் தரம் சொல்லுது. பச்சை பவுடர்ல ஒவ்வொரு புரோட்டானுக்கும் ஒரு குளோரைடு தொணைக்கு இருக்குல்ல, அது எடத்தை விட்டுக்குடுத்து புளோரைடு உள்ள வரலாம், இப்படி புளோரைடு எடுக்கிற ஆராய்ச்சி பாலிஅனிலின்லயும் பாலிபிர்ரோல்லயும் நடந்திருக்கு. ஆனா மேல சொன்ன போர் தண்ணி பிரச்சினை இங்கயும் வரும், அப்படியே போட்டா பவுடர் டோப்பிங்கை எழந்து நீலமாயிடும், அப்புறம் புளோரைடைப் பிடிச்சு வைக்க ஆளே இல்ல. அதனால தண்ணியோட பிஹெச்சை 3ல இருந்து 8 வரைக்கும் படிப்படியா மாத்தி ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு எறங்குதுன்னு அயான் மீட்டர்ல பாருங்க, அளக்கும்போது டிசாப் கரைசல் (பிஹெச்சை ஒரே அளவுல நிறுத்தற பஃபர்) சேக்க மறக்காதீங்க, ஆசிட்ல புளோரைடு பாதி ஹெச்எஃப்பா ஒளிஞ்சுக்கும். சோதிச்ச தண்ணியை யாரும் குடிக்கக் கூடாது, மாட்டுக்கும் வைக்கக் கூடாது. பிஹெச் 7, 8ல வைக்கிற செட்டுல நீல பவுடரையும் அதே எடைக்கு தனி பாட்டில்ல வைங்க, பச்சைக்கும் அதுக்கும் வித்தியாசம் வரலேன்னா அந்த பிஹெச்ல டோப்பிங் நிக்கலேன்னு அர்த்தம், அதையும் தீசிஸ்ல டேபிள் போட்டு எழுதுங்க.