ஆல்பம் அதேதான், தீர்ப்பு ஏன் மாறுகிறது: ராக், இண்டி ஃபோக் கேட்பவருக்கு ஒரு குறிப்பேட்டு முறை

1969-ல் லெட் செப்பலின் என்ற ராக் இசைக்குழுவின் முதல் ஆல்பம் வந்தபோது ரோலிங் ஸ்டோன் இதழ் அதை மட்டம் தட்டி எழுதியது. 2003-ல் அதே இதழ் வெளியிட்ட தலைசிறந்த 500 ஆல்பங்கள் பட்டியலில் அதற்கு 29-ஆவது இடம். பத்திரிகைக்கே இந்தக் கதி என்றால் தனி ஆளின் காது எம்மாத்திரம்? கருத்து மாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாறியது கருத்தா, வால்யூமா, ஹெட்ஃபோனா, கையில் இருக்கும் பதிப்பா என்று தெரியாமல் போவதுதான் சிக்கல். முதல் தடவை பஸ்ஸில் கேட்டுவிட்டு, அடுத்த தடவை இரவில் தனியாக உட்கார்ந்து கேட்டு, "இந்த ஆல்பம் போகப் போகப் பிடிக்கிறது" என்பது, போன வருடம் வெறுங்காலோடும் இந்த வருடம் செருப்போடும் அளந்து பிள்ளை வளர்ந்துவிட்டதாகச் சொல்வது போலத்தான்.

இதற்குத் தேவை ஒரு நோட்டு, பேனா, எப்போதும் ஒரே ஹெட்ஃபோன் அல்லது ஒரே ஸ்பீக்கர், குறுக்கீடு இல்லாத ஒரு மணி நேரம். செயலியில் எழுதலாம், ஆனால் பழைய பதிவைத் திருத்தும் வசதி அதில் இருப்பது ஒரு தொல்லை. ஏன் என்பது பின்னால் வரும்.

பக்கத்தில் எழுத வேண்டியவை

ஓர் ஆல்பத்துக்கு ஒரு பக்கம். தலைப்பில் கலைஞர், ஆல்பம், முதலில் வெளியான ஆண்டு, கேட்கும் பதிப்பின் ஆண்டு. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் தேதி, நேரம், கருவி, முழுதாகக் கேட்டதா பாதியில் நின்றதா என்று ஒரு வரி. அதன் கீழே மூன்றே வாக்கியங்கள். காதில் என்ன விழுந்தது என்பது முதல் வாக்கியம். எது உறுத்தியது என்பது இரண்டாவது. மூன்றாவதை உடனே எழுதக் கூடாது. ஆல்பம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, எதையும் மறுபடி போடாமல், மனதில் எது ஓடிக்கொண்டிருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். பல ஆல்பங்களுக்கு அந்த இடம் காலியாகவே இருக்கும். காலி என்பதும் ஒரு தகவல்தான்.

"அருமை", "சுமார்", "ஆழமானது" போன்ற சொற்களுக்குத் தடை. ஆறு மாதம் கழித்துப் படித்தால் அவற்றிலிருந்து ஒன்றும் தெரியவராது. நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்' (1972) பற்றிய முதல் குறிப்பு இப்படி இருந்தால் உதவும்: "மொத்தம் 28 நிமிடம். ஒரு கிட்டார், ஒரு குரல். முதல் பாட்டில் மட்டும் நடுவில் பியானோ நுழைகிறது. மூன்றாவது பாட்டுக்கு மேல் எல்லாம் ஒரே பாட்டு மாதிரி." அடுத்த தடவை கடைசி வாக்கியம் மட்டும் பொய்யாகிப் போகலாம். எது பொய்யானது என்று அப்போது விரலை வைத்துக் காட்ட முடியும்.

மதிப்பெண் போட்டே ஆக வேண்டும் என்றால் ஐந்துக்குப் போடுங்கள், அதையும் பக்கத்தின் பின்புறத்தில். நூற்றுக்கு 83, 86 என்று போடுகிறவர்கள் அந்த மூன்று மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்று ஒரு வாரம் கழித்துக் கேட்டால் விழிப்பார்கள்.

வால்யூம்: பாதி சண்டை இங்கேயே முடிந்துவிடும்

ஒரே பதிவை இரண்டு அளவில் போட்டால், ஓரிரு டெசிபெல் கூடுதலாக இருப்பதுதான் "நன்றாக" இருப்பதாகக் காதுக்குத் தோன்றும். சத்தம் கூடியது என்றே உறைக்காது. தெளிவு கூடியதாகவும் உயிர் வந்ததாகவும்தான் தோன்றும். அதனால் ஒப்பிடும் முன் அளவைச் சமப்படுத்த வேண்டும்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் சத்தத்தைச் சமப்படுத்தும் அமைப்பை இயக்கி வையுங்கள். ஸ்பாட்டிஃபையின் இயல்பான அளவு -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தோன்றும் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு). ஆப்பிளில் இதே வசதியான சவுண்ட் செக்கில் ஏறத்தாழ -16. இரண்டுக்கும் நடுவே 2 டெசிபெல் வித்தியாசம் இருப்பதால், சேவை மாற்றிய வாரத்தில் கருத்தும் மாறினால் அதை உடனே நம்ப வேண்டாம். ஷஃபிளில் போட்டால் ஒவ்வொரு பாட்டும் தனித்தனியாகச் சமப்படுத்தப்படும். கிசுகிசுப்பாக இருக்க வேண்டிய பாட்டு இரைச்சலான பாட்டுக்கு இணையாக உயர்ந்து நிற்கும். ஆல்பத்தை வரிசையாகப் போட்டால் பாட்டுகளுக்கு இடையே உள்ள ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும். குரலும் அகூஸ்டிக் கிட்டாரும் முன்னால் நிற்கும் இண்டி ஃபோக் ஆல்பங்கள் பலவற்றுக்கும் இந்த ஏற்ற இறக்கம்தான் உயிர்நாடி.

ஸ்பீக்கரில் கேட்பவர்கள் போனில் ஒரு சத்தமானிச் செயலியைப் போட்டு, உட்காரும் இடத்தில் 70 முதல் 75 டெசிபெல் வருமாறு வைக்கலாம். போன் காட்டும் எண் துல்லியமாக இருக்காது. பரவாயில்லை, ஒரே போனை ஒரே இடத்தில் வைத்தால் ஒப்பிடப் போதும்.

ராக்கையும் ஃபோக்கையும் அருகருகே வைக்கும்போது இன்னொரு அநியாயம் நடக்கிறது. சத்தம் குறையக் குறைய நம் காது பாஸ் ஒலிகளைத்தான் முதலில் கைவிடும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஒலி ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். இரவில் அக்கம்பக்கத்துக்குப் பயந்து தாழ்வாக வைத்தால் ராக் ஆல்பத்தின் கிக் டிரம்மும் பாஸும் கரைந்து, தகரத்தைத் தட்டுவது போலாகிவிடும். ஒரு குரலும் ஒரு அகூஸ்டிக் கிட்டாரும் மட்டும் உள்ள ஆல்பத்துக்கு அதே அளவில் பெரிய நஷ்டம் இல்லை. "வயதாக ஆக ராக் அலுத்து, ஃபோக் பிடிக்கிறது" என்று சொல்பவர்களில் சிலருக்கு மாறியது ரசனை இல்லை, கேட்கும் நேரம். மாறாக, வாய்க்கு மிக அருகில் மைக் வைத்துப் பதிந்த குரலை உரக்க வைத்தால் 'ஸ', 'ஷ' ஒலிகள் ஊசியாய்க் குத்தும். கம்பியில் விரல் தேயும் கீச்சொலி தலைவலி தரும். ராக்குக்கு ஓர் அளவு, ஃபோக்குக்கு ஓர் அளவு என்று குறித்துவைத்து, அந்தந்த வகைக்கு அந்தந்த அளவிலேயே எப்போதும் கேளுங்கள்.

எந்தப் பதிப்பு?

மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னெட்டிக்' (2008) சிடியில் ஒலி அளவுக்கு மீறி அமுக்கப்பட்டு (மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள வித்தியாசம் குறைக்கப்பட்டு) இரைந்தது. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டில் அவ்வளவு அமுக்கப்படாமல் வந்தன. சிடியில் மட்டும் கேட்டவரும் விளையாட்டில் கேட்டவரும் சண்டை போட்டால் இரண்டு பேரும் சரி. ஸ்டூஜஸின் 'ரா பவர்' (1973) முதலில் டேவிட் போவியின் மிக்ஸில் (குரல், கருவிகளின் அளவைச் சரிபார்த்து ஒன்றுசேர்க்கும் வேலை) வந்தது. 1997-ல் குழுவின் பாடகர் இக்கி பாப் செய்த புது மிக்ஸ் முற்றிலும் வேறு ஓசை. ஸ்ட்ரீமிங்கில் பழைய பதிப்பின் இடத்தில் ரீமாஸ்டர் (ஒலியை மறுபடி சீர்செய்த பதிப்பு) வந்து உட்கார்ந்திருப்பது சகஜம். தலைப்பில் பதிப்பின் ஆண்டை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

டீலக்ஸ் பதிப்பில் இன்னொரு வம்பு. ஆல்பத்தை எங்கே முடிக்க வேண்டும் என்று யோசித்து வைத்த கடைசிப் பாட்டுக்குப் பின்னால் டெமோக்கள் (முழுமையாக முடிக்காத முன்மாதிரிப் பதிவுகள்) வரிசைகட்டி வரும். மனதில் நிற்பது அந்த டெமோவாகிவிடும். மூலத்தின் கடைசிப் பாட்டோடு நிறுத்துங்கள். மிச்சத்தை வேறொரு நாள் தனியாகக் கேட்கலாம்.

பதிவின் தரத்தையும் பாட்டின் தரத்தையும் குழப்பிக்கொள்வது இண்டி ஃபோக்கில் அதிகம். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' (1982) நான்கு டிராக் கேசட் கருவியில் பதிந்தது. மவுண்டன் கோட்ஸின் 'ஆல் ஹெய்ல் வெஸ்ட் டெக்சஸ்' (2002) சாதாரண பூம்பாக்ஸில் பதிந்தது. மோட்டாரின் முனகல் பாட்டோடு சேர்ந்தே கேட்கும். முதல் தடவையில் இந்த இரைச்சலுக்காக மட்டம் தட்டவும் வேண்டாம், அதற்காகவே "உண்மையான இசை" என்று தலையில் தூக்கிவைக்கவும் வேண்டாம். மெட்டை நீங்களே முனகிப் பாருங்கள். இரைச்சல் இல்லாமலும் நிற்கிறதா? அந்தப் பதிலை எழுதுங்கள்.

எத்தனை நாள் இடைவெளி

முதல் பத்து நாளில் மூன்று தடவை, தடவைக்கு இரண்டு நாளாவது இடைவெளி விட்டு. பிறகு ஒரு மாதம் தொடக் கூடாது. அதற்குப் பிறகு ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஒவ்வொரு தடவை.

இதற்குக் காரணம் உண்டு. பழகப் பழகப் பிடித்துப்போகும் என்பதை உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968-லேயே ஆய்வில் காட்டினார். பழக்கம் எல்லையைத் தாண்டினால் சலிப்பு என்பது இன்னொரு உளவியலாளர் டேனியல் பெர்லைன் அடுத்த சில ஆண்டுகளில் முன்வைத்த கருத்து. இரண்டையும் சேர்த்து வரைந்தால் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு வளைவு வரும். முதல் மூன்று தடவையில் ஏறுவது பெரும்பாலும் பழக்கத்தின் ஏற்றம். அதை ஆல்பத்தின் வெற்றியாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம். எளிய, உடனே ஒட்டிக்கொள்ளும் ஆல்பம் சீக்கிரம் உச்சிக்குப் போய்ச் சீக்கிரம் இறங்கும். அடர்த்தியானது மெல்ல ஏறும். ரேடியோஹெட்டின் 'கிட் ஏ' (2000), ஐந்தே பாட்டுகள் ஏறத்தாழ 55 நிமிடத்துக்கு நீளும் ஜோவானா நியூசமின் 'ஈஸ்' (2006) போன்றவற்றை முதல் வாரத்தில் தீர்த்துக்கட்டுவது அவசரம். புது ஆல்பத்தைப் பிடித்துப்போய் ஒரே வாரத்தில் இருபது தடவை கேட்பதோ அதைவிட மோசம். கிண்ணத்தின் இரண்டு சரிவையும் ஒரேயடியாகத் தாண்டிவிட்டு "மவுசு போய்விட்டது" என்று எழுத நேரும்.

நீளமான ஆல்பங்களுக்கு ஒரு தந்திரம். சுஃப்யான் ஸ்டீவன்ஸின் 'இல்லினாய்ஸ்' (2005) 22 டிராக், சுமார் 74 நிமிடம். இப்படிப்பட்டவற்றுக்கு "பின்பாதி தொய்வு" என்று எழுதாதவர் குறைவு. தொய்ந்தது பாட்டா காதா? ஒருநாள் பின்பாதியை மட்டும், புதுக் காதோடு, முதலில் போடுங்கள். அப்போதும் தொய்ந்தால்தான் அது பாட்டின் குறை. இசைத்தட்டுக் காலத்து ஆல்பங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்தைச் சுற்றித்தான் இடம் இருந்ததால் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனித் தொடக்கமும் முடிவும் வைத்தார்கள். அவற்றை ஸ்ட்ரீமிங்கில் கேட்டாலும் பக்கம் மாறும் இடத்தில் இரண்டு நிமிடம் நிறுத்திவிட்டுத் தொடருங்கள்.

வரிகளும் கதையும்

முதல் இரண்டு தடவை பாடல் வரிகளைப் பார்க்க வேண்டாம். மூன்றாவது தடவை கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பாட்டின் மொழி தாய்மொழியாக இல்லாதவருக்கு இந்த மூன்றாவது தடவையில்தான் பெரிய திருப்பம் வரும். சுஃப்யான் ஸ்டீவன்ஸின் 'கேரி அண்ட் லோவல்' (2015) மென்மையான தாலாட்டு போலக் காதில் விழும். இறந்துபோன தாயைப் பற்றிய துக்கம் அது என்று வரிகளில்தான் தெரியவரும்.

ஆல்பத்தின் பின்கதை இதைவிட வலுவானது. போன் இவேரின் முதல் ஆல்பம் (2007) விஸ்கான்சினில் குளிர்காலத்தில் ஒரு மரக்குடிலில் தனியாக உருவானது என்ற கதையைக் கேட்ட பிறகு, அந்தப் பாட்டுகளில் பனியும் தனிமையும் கேட்காமல் இருப்பது கடினம். கதை கெடுதல் இல்லை. ஆனால் அது வேறு வரியில் இருக்க வேண்டும். கதையைப் படிக்கும் முன் ஒரு தீர்ப்பு, படித்த பின் "கதை தெரிந்த பின்" என்று தனியாக ஒன்று. ஆறு மாதம் கழித்து எந்த வரி நிற்கிறது என்று பாருங்கள்.

கருத்து மாறியதும்

பழைய குறிப்பைப் படித்துவிட்டுக் கேட்காதீர்கள். கேட்டு, எழுதி, அதற்குப் பிறகே திருப்பிப் பாருங்கள். முன்னாலேயே படித்தால் பழைய வாக்கியத்துக்கு ஆமாம் போடுவீர்கள், இல்லாவிட்டால் வேண்டுமென்றே எதிர்ப்பீர்கள். பழைய வரியை அடிக்கவும் கூடாது, திருத்தவும் கூடாது. அப்போது தப்பாகக் கேட்டதாக இப்போது தோன்றினாலும் அது அப்படியே இருக்கட்டும்.

மாற்றம் தெரிந்தால் இந்த வரிசையில் சோதிக்கவும்: அளவு ஒன்றா, பதிப்பு ஒன்றா, கருவி ஒன்றா, களைப்பாக இருந்தீர்களா, அதற்கு முன் என்ன கேட்டீர்கள். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பேரிரைச்சல் கிட்டார் ஆல்பத்துக்கு அடுத்து எந்த ஃபோக் ஆல்பமும் சோகையாய்த்தான் இருக்கும். எல்லாம் ஒன்றாக இருந்தும் தீர்ப்பு மாறினால், எந்தப் பாட்டில், எத்தனையாவது நிமிடத்தில் மாறியது என்று குறியுங்கள். "4-ஆவது பாட்டு, 2:10, டிரம்ஸ் நின்றதும்" என்று எழுத முடிந்தால் மாற்றம் உண்மை. எழுத முடியாவிட்டால் இன்னும் ஒரு மாதம் பொறுக்கவும்.

மதிப்பெண் மாறாமல் காரணம் மட்டும் மாறுவதும் உண்டு. முன்பு கோரஸுக்காகப் பிடித்தது, இப்போது பாஸுக்காகப் பிடிக்கிறது. நட்சத்திரம் போடுபவர்கள் கண்ணில் இது படவே படாது. குறிப்பேட்டின் சுவையே இதில்தான்.

ஒரே கலைஞரின் ஆல்பங்களை அடுத்தடுத்துக் கேட்டால் பின்னால் வந்தது முன்னதன் நிழலில் மாட்டிக்கொள்ளும். ஃப்ளீட் ஃபாக்ஸஸின் 2008 ஆல்பத்துக்குப் பழகிய காதுக்கு, முதல் பாட்டிலேயே மூன்று பகுதிகளாகத் திரும்பும் 2017-ன் 'கிராக்-அப்' வீம்பாகத் தோன்றலாம். ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். அடுத்த சுற்றில் கடைசி ஆல்பத்திலிருந்து பின்னோக்கிக் கேளுங்கள். குத்திக்கொண்டிருந்த குறைகளில் எத்தனை வெறும் எதிர்பார்ப்பு என்பது அப்போது தெரியும்.

அடுத்தடுத்த இரண்டு தடவையில் புதிதாக ஒரு வாக்கியமும் வராவிட்டால் தேதி போட்டுப் பக்கத்தை மூடிவிடுங்கள். மூடிய பக்கத்தைத் திறக்க நல்ல காரணம் ஒன்றுதான்: எதிர்பாராத இடத்தில், யாரோ போட்டு, அந்தப் பாட்டு காதில் விழுந்து, எது என்று தெரியாமலே நின்று கேட்டுவிடுவது. அங்கேயே போனில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய் முழு ஆல்பத்தையும் போட்டபின் எழுதினால் அது பழைய குறிப்பின் குரலில்தான் வரும்.